பௌத்த அறமும் யாழ்ப்பாணத்துக் கிணறும்

வலிகாமத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “மனித வாழ்வும் சமூகமும் நிலைத்து வளரப் பௌத்தக் கோட்பாடுகளைப் பயன்படுத்தலாம் என்று பயிற்சி ஒன்றில் சொன்னார்கள். அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதவும் வேண்டும். சைவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் வாழும் யாழ்ப்பாணத்தில் இதற்குப் பொருள் உண்டா? பௌத்தம் என்று வாய் திறந்தாலே சனம் முகத்தைத் திருப்புகிறது. எங்கிருந்து தொடங்குவது?”

தம்பி, பொருள் நிறையவே உண்டு. தியானத்தையும் போதி மரத்தையும் இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள். கிணற்றிலிருந்து தொடங்குங்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் விவசாயப் போதனாசிரியராகத் தோட்டம் தோட்டமாகச் சுற்றியவன். பிறப்பால் சைவன், இன்றும் திருநீறு பூசுகிறவன். ஓய்வுபெற்ற பிறகுதான் பாலி நூல்களை மொழிபெயர்ப்பில் ஆற அமர வாசித்தேன். தோட்டத்து வரம்பில் நின்று வாய் வலிக்கச் சொல்லிவந்த விடயங்கள் அங்கே கதையாகவும் உவமையாகவும் வருவதைக் கண்டு பல இடங்களில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு யோசித்தேன்.

முதலில் சனம் முகத்தைத் திருப்பும் காரணத்தைப் பேசிவிடுவோம். அதை மறைத்துக்கொண்டு கூட்டம் போட்டால் உங்களை ஒருவரும் நம்ப மாட்டார்கள். 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. 1978 இல் வந்ததும் அதையே தொடர்ந்தது. போருக்குப் பிறகு நம் சனம் கண்ட பௌத்தம், காவலரணுக்குப் பக்கத்தில் எழுந்த சிலையாக இருந்தது. வலிகாமம் வடக்கில் உள்ள தையிட்டியில் தங்கள் காணியில் விகாரை கட்டப்பட்டுவிட்டது என்று காணிக்காரர் வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். பௌத்தர் ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொள்ளும் ஐந்து சீலங்களில் இரண்டாவது, கொடுக்கப்படாததை எடுக்காதிருத்தல். களவு என்ற சொல்லைவிட இது அகலமானது. உரியவர் மனமுவந்து தராத எதையும் தொடக்கூடாது என்று அது சொல்கிறது. அந்தக் காணிக்காரர் கேட்பது இரண்டாம் சீலத்தைத்தான். உங்கள் கட்டுரையின் முதற்பக்கத்திலேயே இதை எழுதுங்கள். அதற்குப் பின்னால் நீங்கள் சொல்லும் எதையும் சனம் காது கொடுத்துக் கேட்கும்.

அடுத்தது, இது நமக்கு அந்நியமான சிந்தனையா என்ற கேள்வி. சுன்னாகத்திலிருந்து சைக்கிளில் கொஞ்ச நேரம் மிதித்தால் கந்தரோடை. பனைகளுக்கு நடுவே முருகைக்கல்லால் ஆன சின்னச் சின்னத் தூபிகள், பிள்ளைகள் விளையாடிக் கவிழ்த்துவிட்டுப் போன மண்பானைகள் போலக் குந்தியிருக்கும். வல்லிபுரத்தில் 1936 இல் கிடைத்த பொன்னேடு, அநுராதபுரத்து வசப மன்னன் காலத்தில், அந்நாளில் நாகதீவு எனப்பட்ட இந்த மண்ணில் ஒரு விகாரை எழுந்ததைச் சொல்கிறது. தமிழின் பௌத்தக் காப்பியமான மணிமேகலையில் வரும் மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்பவர் பலர். அமுதசுரபி என்ற வற்றாத பாத்திரம் நாயகி மணிமேகலையின் கைக்கு வந்து சேர்ந்தது அந்தத் தீவின் பொய்கையில்தான். இவற்றை நான் சொல்வது யாருக்கும் காணி உறுதி எழுதிக் கொடுப்பதற்காக அல்ல. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய செங்கல்லையும் கல்லையும் காட்டி இன்றைய வளவுக்கு ஒருவரும் உரிமை கோர முடியாது. இந்தச் சிந்தனையைத் தமிழில் சிந்தித்தவர்கள் இருந்திருக்கிறார்கள், அதை எடுத்துப் பேச நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை என்பதற்காகவே சொல்கிறேன்.

அப்படிச் சிந்தித்தவர்கள் அறம் என்பதற்கு என்ன பொருள் சொன்னார்கள்? எல்லா உயிர்களுக்கும் உணவும் உடையும் உறைவிடமும் கிடைக்கச் செய்வதே அறம் என்று அந்தக் காப்பியம் சொல்கிறது. இன்று அடிப்படைத் தேவைகள் என்று நாம் பட்டியல் போடுவதை அது ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. அமுதசுரபியோடு வந்த பெண் சிறைச்சாலையிலும் சோறு போட்டாள். பிறகு அரசனிடம் பேசி அந்தச் சிறையையே அறக்கோட்டமாக மாற்றுவித்தாள். பசியைத் தீர்ப்பதும் தண்டனைக்கூடத்தை மாற்றுவதும் ஒரே வேலையின் இரண்டு படிகளாக அங்கே வருகின்றன.

பாலி மரபிலும் இதே வரிசைதான். ஆளவி என்ற ஊரில் ஓர் ஏழை உழவன். புத்தர் பேசப்போகிறார் என்று கேள்விப்பட்ட அன்று அவனுடைய எருது காணாமற்போனது. காடெல்லாம் தேடிப் பிடித்துக் கட்டிவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் ஓடிவந்தான். ஊர் முழுவதும் காத்திருந்தது. புத்தர் பேசத் தொடங்கவில்லை. மிச்சம் ஏதும் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டு, அவனுக்குப் போடச் சொல்லி, அவன் சாப்பிட்டு முடித்த பிறகே வாய் திறந்தார். நோய்களில் பெரியது பசி என்ற வாசகத்துக்கு உரைகாரர் சொல்லும் கதை இது. பிற்பகல் ஒரு மணிக்குத் தோட்டத்திலிருந்து நேரே வந்த சனத்தைக் கதிரையில் இருத்தி வைத்துக்கொண்டு விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும். உங்கள் கூட்டங்களுக்கு முதலில் கஞ்சிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

புத்தரின் உரைகளில் ஒன்றான கூடதந்த சூத்திரத்தில் இதுவே அரசியலாக வருகிறது. நாட்டில் கொள்ளை மலிந்திருக்கிறது. கொன்றும் சிறையிட்டும் அடக்கினால் மிஞ்சியவர்கள் மறுபடி கிளம்புவார்கள், அதனால் உழுபவனுக்கு விதையும் மாட்டுக்குத் தீவனமும் கொடு, வணிகனுக்கு மூலதனம் கொடு, அரச ஊழியனுக்கு உணவும் சம்பளமும் கொடு என்று புரோகிதர் அரசனுக்குச் சொல்கிறார். எங்கள் ஊர்களில் வாள்வெட்டுக் குழுக்கள் பற்றிய செய்தி வரும்போது பொலிஸ் காவலை இன்னும் கூட்டுங்கள் என்றுதான் முதலில் குரல் எழுகிறது. அந்தப் பொடியன்களில் எத்தனை பேருக்குக் கையில் ஒரு தொழில் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

இனிக் கிணற்றுக்கு வருகிறேன். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. வற்றாத ஆறு ஒன்று நமக்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இந்தக் கணக்கின் மறுபக்கம் பயங்கரமானது. மேலே 1 அடியை இறைத்துத் தாழ்த்தினால் கீழே உப்பு 40 அடி ஏறி வரப் பார்க்கும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் குடாநாடு முழுவதும் ஒரு பெரிய நிலாவரைதான்.

என் தகப்பனார் காலத்தில் துலா மிதித்து இறைத்தார்கள். ஒருவர் மேலே துலாவில் நடக்க, மற்றவர் பட்டையைப் பிடிக்க, இன்னொருவர் பாத்திக்குத் தண்ணீர் மாறுவார். மனிதனுடைய கால் களைத்ததும் இறைப்பு நிற்கும். அந்த நேரத்தில் கிணறு ஊறும். மெசின் வந்தது. மெசினுக்குக் கால் களைப்பதில்லை. மெசினை நான் குறை சொல்லவில்லை, துலாவிலிருந்து விழுந்து நாரி முறிந்தவர்களையும் பார்த்தவன் நான். ஆனால் காலின் களைப்பு வைத்திருந்த அளவை இனி நாமாக வைக்க வேண்டியிருக்கிறது. பௌத்த நூல்கள் இதை அளவறிதல் என்கின்றன. பிக்கு தன் பாத்திரத்தில் சோறு வாங்குவதற்குச் சொல்லப்பட்ட குணம் அது. உண்பதை மட்டும் குறித்ததாக அதை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஒரு மாசி மாதம் உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். செம்மண், நல்ல வெங்காயப் பயிர், தாள் கடும் பச்சை. அளவுக்கு மேல் யூரியா போட்ட பச்சை அது, பார்த்ததுமே தெரியும். தோட்டக்காரரின் மனைவி தேத்தண்ணீருக்கு அதே கிணற்றில் கேத்தலை நிரப்பிக்கொண்டு போனார். நான் கொண்டுபோன சோதனைத் தாளை அந்தத் தண்ணீரில் நனைத்தேன். ஒரு நிமிடத்துக்குள் வெள்ளைத் தாள் செம்பருத்திப் பூவின் நிறத்துக்கு வந்துவிட்டது. யூரியா மண்ணில் மாறித் தண்ணீருக்குள் இறங்குவது நைத்திரேற்று. குடிதண்ணீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தாளின் நிறம் அதைத் தாண்டிப் போயிருந்தது. அந்த வீட்டில் நாலு மாதப் பேரப்பிள்ளை ஒன்று இருந்தது. அந்தத் தண்ணீரில்தான் மாப்பால் கரைக்கிறார்கள். “கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறோம் ஐயா” என்றார் அந்த அம்மா. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். பச்சிளம் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும் நோய் அதிலிருந்துதான் வருகிறது. அதை அந்த அம்மாவுக்குச் சொன்னதும் கேத்தலை அவர் கீழே வைத்த விதத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

தோட்டக்காரர் கேட்டார்: “எல்லாரும் போடுகிறார்கள். நான் மட்டும் குறைத்து என்ன வரப்போகிறது?”

நியாயமான கேள்வி. அவருடைய உரம் மட்டுமா? பக்கத்து வளவின் மலசலகூடக் குழியும் அதே கல்லின் வெடிப்புகளுக்குள்தான் இறங்குகிறது. இரண்டு பரப்புக் காணியில் வீடும் குழியும் கிணறும் வைத்தால் எவ்வளவு தூரத்துக்குத்தான் விலக்க முடியும்? சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்தபோது, அது எங்கே கொட்டப்பட்டது, எந்தக் கிணற்றில் வந்து மிதந்தது என்று ஊரே பார்த்தது. பௌத்தத்தின் நடுநாயகமான போதனை சார்பிற்றோற்றம். இது இருந்தால் அது உண்டாகும். இது இல்லையேல் அது இல்லை. இதைப் பிறப்பு இறப்புச் சக்கரத்தின் தத்துவமாகவே படிக்கிறோம். சுண்ணாம்புக்கல்லின் மேல் வாழும் சனத்துக்கு அது அன்றாட உண்மை. என் கிணறு என்பதற்கு நிலத்துக்கு மேலே கட்டும் இருக்கிறது, உறுதியும் இருக்கிறது. நிலத்துக்குக் கீழே அப்படி எதுவும் இல்லை. எல்லாம் ஒரே தண்ணீர்.

இந்தப் போதனையின் இரண்டாம் பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காரணத்தைக் குறைத்தால் விளைவும் குறையும் என்பதுதான் அது. அந்தத் தோட்டக்காரரிடம் ஐந்து பாத்தி மட்டும் கேட்டேன். அரைவாசி யூரியாவும் மிச்சத்துக்கு மாட்டெருவும். காய் சற்றுச் சின்னதாகவே வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பிடி கட்டித் தொங்கவிட்டபோது அழுகல் குறைவு, விலை ஏறும்வரை வைத்து விற்றார். அடுத்த போகத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் தாமாகவே வந்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார். கிணற்றின் நைத்திரேற்று ஒரு வருடத்தில் இறங்காது, அதற்குப் பல மழை வேண்டும். இறங்கத் தொடங்குவதற்கு வேறு வழியும் கிடையாது.

தோப்பு வைத்தவர், பாலம் கட்டியவர், தண்ணீர்ப் பந்தலும் கிணறும் கொடுத்தவர், தங்குமிடம் அமைத்தவர் ஆகியோரின் புண்ணியம் இரவும் பகலும் வளர்ந்துகொண்டே இருக்கும் என்று ஒரு சின்னச் சூத்திரம் உண்டு. நம் ஊரின் கேணி, தெருமடம், சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல் எல்லாவற்றையும் இந்தப் பட்டியலோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். இது எந்தச் சமயத்தின் சொத்து என்று பிரிக்க முடியாது. இன்று அந்தக் கேணிகளில் எத்தனை தூர்ந்து கிடக்கின்றன! உங்கள் பிரிவில் உள்ளவற்றைக் கணக்கெடுத்து, மழைக்கு முன் தூர்வாரினால், நிலத்தடித் தண்ணீருக்கு அதைவிடப் பெரிய தானம் இல்லை.

தண்ணீர்ச் சண்டைக்கும் அங்கே ஒரு பாடம் இருக்கிறது. ரோகிணி ஆற்றை மறித்து இரு கரையிலும் பயிர் செய்த சாக்கியரும் கோலியரும் ஒரு வறட்சியில் ஆயுதம் தூக்கினார்கள். இருவருமே புத்தருக்கு உறவு. அவர் நடுவில் போய் நின்று, தண்ணீரின் விலை என்ன என்று கேட்டார். கொஞ்சம்தான் என்றார்கள். வீரர்களின் விலை? விலை மதிக்க முடியாது என்றார்கள். இங்கே கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொண்டுவரும் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். கிளிநொச்சி விவசாயிகள் தங்கள் வயல் காய்ந்துபோகும் என்று எதிர்த்தார்கள். யாழ்ப்பாணத்தவர் குடிக்கத் தண்ணீர் இல்லை என்றார்கள். இரண்டு பக்கமும் நம் சொந்தச் சனம். கடைசியில் வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் நிறைய வேண்டும், அந்தச் செலவு ஒவ்வொரு மாதமும் வந்துகொண்டே இருக்கும். அந்த இழுபறியின்போது இரு பக்கத்துக் கமக்காரரையும் குடிதண்ணீர் கேட்டவர்களையும் ஒரே பாயில் இருத்தி, குளத்தின் கொள்ளளவையும் வயலின் தேவையையும் கணக்கோடு விரித்து வைக்கும் நடுவர் ஒருவர் போதிய அளவு செயற்படவில்லை என்பதே என் கவலை. இப்படி நடுவில் இருந்து பேசவைப்பது உங்களைப் போன்ற உத்தியோகத்தரின் வேலை என்று நான் நினைக்கிறேன்.

அடுத்து, கடன். இல்லறத்தானுக்கு நான்கு இன்பங்கள் என்று புத்தர் தம் இல்லறச் சீடரான வணிகர் அனாதபிண்டிகருக்குச் சொன்னார். நேர்மையாகத் தேடிய பொருள் இருப்பது, அதைத் துய்ப்பதும் கொடுப்பதும், கடன் இல்லாதிருப்பது, பழியற்று வாழ்வது. கடனில்லாமையை இன்பம் என்றே பெயரிட்டுச் சொன்ன சமய நூல்கள் எத்தனை இருக்கின்றன? ஒரு விதவைத் தாயின் வீட்டில், மேசையில் மூன்று நிறுவனங்களின் கடன் அட்டைகள் இருப்பதைக் கண்டேன். செவ்வாய் ஒன்றுக்கு, வியாழன் மற்றதற்கு. இரண்டாவதை எடுத்தது முதலாவதைக் கட்ட. மூன்றாவதை எடுத்தது இரண்டாவதைக் கட்ட. கோழி வளர்க்க என்று எடுத்த கடன். கூடு வெறுமையாகக் கிடந்தது. போருக்குப் பிறகு வடக்கில் நுண்கடன் பெண்களை இறுக்கிய விதம் உங்களுக்குத் தெரியும். 2018 இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது.

வரவை நான்கு பங்காக்கி, ஒன்றை அனுபவி, இரண்டைத் தொழிலில் போடு, நாலாவதை இடர் வரும்போதைக்கு வை என்று சிகாலன் என்ற இளைஞனுக்குப் புத்தர் சொன்ன அறிவுரை உண்டு. வருமானமே இல்லாதவரிடம் போய் இதைச் சொன்னால் கோபம்தான் வரும், அதில் நியாயமும் இருக்கிறது. தனியொரு குடும்பத்தால் வைக்க முடியாத நாலாவது பங்கை இருபது குடும்பம் சேர்ந்து வைக்கலாம். நம் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் செய்தது அதைத்தான். பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளிறக்கும் சீவல் தொழிலாளரைத் தவறணைக்காரர் பிடியிலிருந்து மீட்டதும் அந்த வழியில்தான். செத்துக்கிடக்கும் சங்கம் ஒன்றைக் கணக்கு வழக்குச் சரிசெய்து எழுப்பினால், புதிதாகப் பத்துத் திட்டம் எழுதுவதைவிட அது மேல்.

நடுவழி என்றால் என்ன என்பதற்கு 2021 ஐப் பாருங்கள். இரசாயன உரம் கிணற்றைக் கெடுக்கிறது என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். அந்த ஆண்டு மே மாதத்தில் அரசாங்கம் அதன் இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தபோது நான் மகிழவில்லை. மண்ணுக்குச் சேதனம் ஏறவில்லை, மாட்டெருவுக்கு மாடு இல்லை, மாற்று உரம் வந்து சேரவில்லை. விளைச்சல் விழுந்தது, நவம்பரில் தடையை விலக்கினார்கள். நல்ல நோக்கத்தோடு ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தாவியதில், இயற்கை விவசாயம் என்ற சொல்லையே கமக்காரர் வெறுக்கும்படி ஆயிற்று. ஐந்து பாத்தியில் தொடங்கியிருக்க வேண்டியது.

வெளி உதாரணங்கள் கட்டுரைக்கு வேண்டுமென்றால் சுருக்கமாகச் சொல்கிறேன். பொருளியலாளர் சூமேக்கர் 1955 இல் பர்மாவுக்குப் பொருளாதார ஆலோசகராகப் போய்வந்து, பௌத்தப் பொருளாதாரம் என்று எழுதினார். குறைந்த நுகர்வில் நிறைந்த நலம் என்பது அவர் கருத்து. நம் நாட்டில் ஆரியரத்ன 1958 இல் தொடங்கிய சர்வோதயம் என்ற கிராம இயக்கம், மேல்நாட்டுக் கண்ணாடி போடாமல் பத்து அடிப்படைத் தேவைகளை வகுத்தது. அவற்றில் முதலாவது துப்புரவான, அழகான சூழல். உழைப்பைத் தானமாகக் கொடுக்கும் அதன் சிரமதானம் என்ற சொல் நம் வாசிகசாலைப் பொடியன்களின் வாயில் இன்று சர்வசாதாரணமாக வருகிறது. பூட்டான் தேசிய மகிழ்ச்சியை அளக்கிறது, நாட்டில் 60 வீதம் காடாக இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. அதே பூட்டானிலிருந்துதான் 1990களில் நேப்பாளி பேசும் மக்கள் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வெளியேற வேண்டி வந்தது. இந்த இரண்டாம் செய்தியை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் எழுதாதீர்கள். யாருடைய மகிழ்ச்சி கணக்கில் வருகிறது என்று கேட்காத அபிவிருத்தியை நாம் பட்டறிந்தவர்கள். எல்லா உயிரும் என்று தொடங்கும் மைத்திரி என்ற பௌத்த அன்பு, மொழியைப் பார்த்து நின்றுவிட்டால் அது மைத்திரி ஆகாது.

உங்கள் பிரிவில் என்ன செய்யலாம் என்று கேட்டால், கிணறுகளின் வரைபடம் ஒன்று போடுங்கள். ஒரு குறிச்சியில் நாற்பது கிணறு போதும். மாதர் சங்கத்தையும் வாசிகசாலைப் பிள்ளைகளையும் சேர்த்து, ஒவ்வொன்றிலும் ஆவணியில் ஒரு முறை, மழை முடிந்து தையில் ஒரு முறை நீர்மட்டமும் உவரும் நைத்திரேற்றும் பாருங்கள். நிறத்தாள்களைச் சனசமூக நிலையத்துச் சுவரில் கிணற்று வரிசைப்படி ஒட்டுங்கள். யாருடைய பெயரும் வேண்டாம், இலக்கம் போதும். தண்ணீருக்கு வேலி இல்லை என்பதை அந்தச் சுவர் சொல்லும், நீங்கள் பிரசங்கம் செய்யத் தேவையில்லை. கூட்டத்தில் ஐயர், போதகர், மௌலவி மூவரையும் முன் வரிசையில் இருத்துங்கள். யாழ்ப்பாண நகரின் நாகவிகாரைப் பிக்குவையும் அழைக்கலாம், தையிட்டியைப் பற்றிக் கேள்வி வந்தால் அவரும் இருந்து கேட்கட்டும்.

ஆவணிக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. என்னிடம் சோதனைத் தாள் இரண்டு பெட்டி மிச்சம் உண்டு, காலாவதித் திகதி இன்னும் வரவில்லை. சனிக்கிழமை காலையில் வந்தால் எடுத்துப் போகலாம். முதல் நாள் நானும் கூட வருகிறேன், வாளியும் கயிறும் மட்டும் கொண்டு வாருங்கள்.